மூன்றாம் பாகம் வருவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. த்ரிஷ்யம் மூன்றாம் பாகம் வரப்போகிறது, உனக்குத் தெரியாமல் இருக்காது. பெண் அடித்துச் செத்துப்போன பையனை மறைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற அந்த ஜார்ஜ்குட்டி இந்த முறை என்ன செய்யப்போகிறானோ.

அப்பாவுக்கு இப்போது முழுநேர வேலையே அதுதான். டைரக்டர் ஜீத்து ஜோசப் எங்கே என்ன பேசினாலும் யூடியூபில் தேடிப் பிடித்துவிடுகிறார். மலையாளம் பாதிதான் புரியும், ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். 2025 செப்டம்பரில் பூஜை போட்ட அன்றைக்குச் சமையலறை வாசலில் வந்து நின்று சொன்னார், ஏதோ சொந்தத்தில் கல்யாணம் நிச்சயமான மாதிரி. ரொம்ப எதிர்பார்த்து வராதீர்கள் என்று ஜீத்து சொல்லிவருகிறாராம். அப்படிச் சொன்னால்தான் ஜனங்கள் இரண்டு மடங்கு எதிர்பார்ப்பார்கள், மனுஷன் விவரமானவர் என்பது அப்பாவின் கட்சி. எதிர்வீட்டு மாமாவும் இவரும் தினமும் வாசலில் நின்று ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஜார்ஜ்குட்டிக்கு எலும்பை எடுத்துக் கொடுத்த வெட்டியான்தான் இந்த முறை காட்டிக்கொடுப்பான் என்கிறார் மாமா. அதெல்லாம் இல்லை, ஜார்ஜ்குட்டியின் சின்னப் பெண் அனு வளர்ந்துவிட்டாள், அவள் பக்கத்திலிருந்துதான் வரும் என்கிறார் அப்பா.

நீ முதல் நாளே போய்விடுவாய் என்று தெரியும். தனியாகப் போகாதே. போகிற வரைக்கும் போனில் அந்தப் படத்தைப் பற்றி எதையும் படிக்காதே. முடிவைத் தெரிந்துகொண்டு இந்த மாதிரிப் படத்துக்குப் போவது வீண். ஆனால் தனியாகப் போகாதே.

உன்னை டீம் லீட் ஆக்கியிருக்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். ரொம்ப சந்தோஷம். எதிர்வீடு, மாடிவீடு, பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் அதை நான் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது “நல்லா இருக்கேன், வேலை இருக்கு, வைக்கட்டா” என்கிறாய். அந்த மூன்றையும் நீ சொல்லுமுன் நானே சொல்லிவிடுவேன், அவ்வளவு பழகிவிட்டது.

இரண்டாம் பாகம் வந்த அன்று ஞாபகம் இருக்கிறதா? 2021 பிப்ரவரி 19. தியேட்டரில் விசிலோடு பார்க்க வேண்டிய படத்தை நேரே அமேசான் பிரைமில் விட்டுவிட்டார்களே என்று எல்லோரும் புலம்பினார்கள். தியேட்டர்காரர்களுக்கு வேறு கோபம். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். நாலு பேரும் ஒரே கூடத்தில். லேப்டாப்பை நீ டிவியோடு மாட்டினாய், ஒயர் ஆடிக்கொண்டே இருந்ததால் தம்பி அதன் அடியில் அகராதியை முட்டுக்கொடுத்தான். முதல் ஒரு மணி நேரம் அப்பா கொட்டாவி விட்டார். “என்னப்பா, கதையே நகரலையே.” நீதான், “இருங்கப்பா, ஜீத்து எதையும் சும்மா காட்டமாட்டார்” என்றாய். ஜெயிலிலிருந்து வந்த ஜோஸ், பையனைப் புதைத்த ராத்திரி ஜார்ஜ்குட்டியை எங்கே பார்த்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்கிற இடத்தில் தம்பி படத்தை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான், நீ தலையணையால் ஒன்று வைத்தாய். கோர்ட்டில் எலும்பின் டிஎன்ஏ பொருந்தவில்லை என்றதும் அவன் சிரித்த சிரிப்பு! இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று உனக்குக் கோபம். அப்புறம் பார்த்தால் நம்ம கிரிக்கெட் அஸ்வினும் அதே இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததாக ட்விட்டரில் போட்டிருந்தார். “பாத்தியா, அஸ்வினே சிரிச்சிருக்கார்” என்று இரண்டு நாள் உன் பின்னாலேயே சுற்றினான்.

எனக்கு இன்னமும் ஒரு வருத்தம், தமிழில் எடுத்த பாபநாசத்துக்கு இரண்டாம் பாகம் வரவே இல்லை. தெலுங்கில் எடுத்தார்கள், கன்னடத்தில் எடுத்தார்கள், இந்தியில் எடுத்தார்கள். நம்ம சுயம்புலிங்கம் மட்டும் 2015லேயே நின்றுவிட்டார். அவர் வீட்டுப் பெண்கள் அப்புறம் எப்படித் தூங்கினார்களோ, யாருக்குத் தெரியும். சரி, அது கிடக்கட்டும்.

தம்பி இருக்கிற இடத்திலிருந்து உன் வீட்டுக்கு முக்கால் மணி நேரம்தானாம். மெட்ரோவில் வந்தால் அதுவும் ஆகாதாம். சும்மா சொன்னேன்.

ஜார்ஜ்குட்டி மாட்ட வேண்டும் என்று பாதிப் பேர், மாட்டக் கூடாது என்று பாதிப் பேர். அப்பா இரண்டாவது கட்சி. முதல் பாகம் பார்த்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகஸ்ட் 2ஆம் தேதி தியானத்துக்குப் போயிருந்தோம், பஸ்ஸில் வந்தோம், சினிமா பார்த்தோம் என்று அந்தக் குழந்தைகள் ஒப்பிக்கும்போது எங்கே தடுமாறிவிடுமோ என்று என் கை நடுங்கியது. போன வாரம் இரண்டாம் பாகத்தை மறுபடி தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை ஜார்ஜ்குட்டியின் சாமர்த்தியம் எதுவும் மனதில் ஒட்டவில்லை. மூத்த பெண் அஞ்சுவுக்கு வலிப்பு வருகிறதே, அதுதான் ஒட்டியது. வருஷக்கணக்கில் வாயை மூடி வைத்திருந்தால் உடம்பு வேறு எங்கேயாவது பேசிவிடும் போலிருக்கிறது. அந்தப் பையனைப் பெற்றவர்களுக்குக் கடைசியில் சாம்பல்தான் கைக்கு வருகிறது. அதையும் யார் அனுப்பினார்கள் என்று சொல்லாமல். மூன்றாம் பாகத்தில் போலீஸ் கண்டுபிடிக்கவே வேண்டாம், ஜார்ஜ்குட்டி பெண்டாட்டி ராணியே எழுந்து சொல்லிவிடட்டும் என்று தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன். “அப்புறம் படம் எப்படி ஓடும்?” என்கிறார்.

ராணி என்றதும் உனக்கும் அந்த இடம்தான் நினைவு வரும். மனசு தாங்காமல் பக்கத்து வீட்டு சரிதாவிடம் கொட்டிவிடுவாளே. சரிதா போலீஸ் என்று அவளுக்குத் தெரியாது. நீ டிவியைப் பார்த்து, “ஐயோ, சொல்லாதே, சொல்லாதே” என்று கத்தினாய். அப்புறம் மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல என் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து உன் விஷயம். அது தெரிந்தது எனக்கும் தம்பிக்கும் மட்டும். வெளியே போய்விட்டது என்றதும் நீ கணக்குப் போட்டாய். அம்மா சொல்லியிருக்க மாட்டாள், அப்படியானால் அவன்தான். எந்தப் படமானாலும் இடைவேளைக்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுகிறவள் நீ. அன்றைக்கு மட்டும் தப்பான ஆளைப் பிடித்துவிட்டாய்.

சின்ன அத்தையிடம் சொன்னது நான்.

அன்று மத்தியானம் அவள் வந்திருந்தாள். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தன் பெண்ணைப் பற்றி ஏதோ ஆரம்பித்து அழுதாள். உனக்கு மட்டுமா, எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லப் போனேன். ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் முழுவதையும் சொல்லி முடித்திருந்தேன். யாரிடமும் சொல்லிவிடாதே என்றேன். அதைச் சொல்லும்போதே தெரிந்துவிட்டது. அவள் சரிதா இல்லை, யாரும் அனுப்பி வந்தவள் இல்லை. ஆனால் பத்தே நாளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

நீ தம்பியிடம் கத்தியபோது நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் உள்ளே வந்தான், என் முகத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான். “விடும்மா, ரெண்டு நாள் பேசமாட்டா, அப்புறம் சரியாயிடுவா” என்றான். இரண்டு நாள் இரண்டு வருஷத்தையும் தாண்டிவிட்டது. நான் சொல்லிவிடட்டுமா என்று நடுவில் எத்தனையோ முறை அவனிடம் கேட்டேன். வேண்டாம் என்பான். அவன் வேண்டாம் என்பான் என்று தெரிந்துதான் கேட்டேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னிடம் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அதை நான் கேட்க மாட்டேன். அவனுக்குப் போன் பண்ணு. நம்பர் அதேதான். முதல் நாள் யாரோடு போகிறாய் என்று கேட்டேன், இன்னும் முடிவு பண்ணவில்லை என்றான். வேளாவேளைக்குச் சாப்பிடு. போனில் எதையும் முன்கூட்டிப் படிக்காதே. தனியாகப் போகாதே.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவரும் தம்பிதான் என்று நினைத்துக்கொண்டு அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது கூடத்தில் மறுபடியும் இரண்டாம் பாகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராணி சரிதாவிடம் பேசுகிற இடம் இன்னும் வரவில்லை. அதற்குள் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா