பிரெஞ்சை விட்டுவிடாதே, மக்களே

தோவாளை,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஓணத்துக்கு ஏறின பூ விலை இப்போதுதான் இறங்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழாத குறையாகக் கேட்டாயே, சென்னைக் காலேஜில் பிரெஞ்சை விட்டுவிட்டுத் தமிழுக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். அப்போது அத்தையும் மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு அவசரத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது.

மாறாதே மக்களே.

உன் வகுப்பில் பாதிப்பேர் பிளஸ் ஒன், பிளஸ் டூவிலேயே பிரெஞ்சு எடுத்தவர்கள். நீயோ பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்துவிட்டு அங்கே போய் 'போன்ஜூர்', அதாவது வணக்கம், என்று முதலிலிருந்து தொடங்குகிறாய். மேடம் கேட்டதும் அவர்கள் பதில் சொல்கிறார்கள், நீ தலையைக் குனிந்துகொள்கிறாய். கஷ்டம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு நாலு வாக்கியம் பேசச் சொன்னால் அவர்களுக்கும் வாய் வராது என்று நீதானே சொன்னாய்? மார்க்குக்காக மனப்பாடம் பண்ணி, தாளில் எழுதிவிட்டு வந்தவர்கள். பேசுகிற விஷயத்தில் நீங்கள் எல்லாரும் ஒரே ஸ்டாப்பில்தான் நிற்கிறீர்கள்.

எனக்கு மலையாளம் வந்தது எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? நாம் தோவாளைக்காரர்கள். விளவங்கோடு பக்கத்து ஆட்கள் மாதிரி பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் இல்லை. கண்டக்டராக என்னைத் திருவனந்தபுரம் ரூட்டில் போட்டபோது எனக்கு மலையாளத்தில் ஒரு வாக்கியம் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. களியக்காவிளை தாண்டினால் வண்டி முழுக்க மலையாளம். பாலராமபுரத்தில் கைத்தறித் துணி மூட்டையோடு ஒரு வயதான அம்மா ஏறுவார். எங்கே இறங்க வேண்டும் என்று நான் தெரிந்த அளவுக்குக் கேட்பேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னால், நான் கேட்ட கேள்வியையே சரியான மலையாளத்தில் எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த சீட்டில் அப்படியே கேட்பேன். திருவனந்தபுரம் போவதற்குள் அது வாயில் உட்கார்ந்துவிடும். இலக்கணம் பிறகுதான் வந்தது. நீயும் மேடம் திருத்துகிற வாக்கியத்தை நோட்டில் எழுதுவதோடு விடாமல், அன்றைக்கே ஹாஸ்டலில் யாரிடமாவது சொல்லிவிடு. கேட்கிறவளுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஓணம் லீவுக்கு வந்தபோது உன் பிரெஞ்சு நோட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய். கோயில் பக்கத்து மடத்தில் ஒரு சிஸ்டர் இருக்கிறார், காங்கோவில் வெகுகாலம் ஊழியம் செய்தவர். அங்கே பிரெஞ்சுதான் ஆட்சிமொழி. அவரிடம் நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் முதலில் இதை அழிக்கச் சொல்லுங்கள் என்றார். பிறகு ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டினார். எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. நீ 'யு' என்று எழுதியிருக்கிற இடத்தில் அவர் உதட்டை ஊ என்று குவித்துக்கொண்டு நாக்கால் ஈ சொல்கிறார். நீ 'ன்' போட்டிருக்கிற இடத்தில் அவர் நாக்கு அண்ணத்தைத் தொடவே இல்லை, சத்தம் மூக்கு வழியாகப் போகிறது. ர தொண்டையிலிருந்து வருகிறது. இதற்கெல்லாம் நம்மிடம் எழுத்து கிடையாது. எழுதி வைத்தால் தப்பாகவே படிந்துவிடும், கேட்டியா. காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

எழுத்தில் இருப்பதெல்லாம் வாயில் வராது என்பதையும் அவர்தான் காட்டினார். பேசு என்பதற்கான வினைச்சொல்லில் நான், நீ, அவன், அவர்கள் என்று நாலுக்கும் மூன்று விதமாக எழுதினாலும் வாயில் எல்லாம் ஒரே 'பார்ல்'தான். தனியாகச் சொன்னால் 'லே', தனியாகச் சொன்னால் 'ஆமி'. சேர்த்துச் சொன்னால் நடுவில் ஒரு சத்தம் முளைத்து 'லேஸாமி' ஆகிவிடுகிறது, நண்பர்கள் என்று அர்த்தம். கண்ணால் மட்டும் படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

எண்ணைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியுமா? எழுபதுக்கு அவர்கள் அறுபதும் பத்தும் என்கிறார்கள். எண்பது என்றால் நாலு இருபது. தொண்ணூற்றொன்பது வந்தால் நாலு இருபதும் பத்தொன்பதும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனி வார்த்தை வைத்திருக்கிறார்களாம், ஆனால் உன் பரீட்சைக்குப் பிரான்ஸ் கணக்குத்தான். இதை உட்கார்ந்து படிக்காதே. கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதும், பஸ் நம்பர் பார்க்கும்போதும் மனசுக்குள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே இரு. கண்டக்டர் மகளுக்கு இது வராமல் போகாது.

ஆண்பால் பெண்பால் குழப்புகிறது என்றாய். நமக்கு அஃறிணையில் அந்தத் தொல்லையே இல்லை. அங்கே பஸ் ஆண்பால், கார் பெண்பால், மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். முன்னால் வருகிற 'ல', 'லா'வையும் பெயரோடு சேர்த்து ஒரே வார்த்தையாகப் பழகு. பெரியவர்களை மரியாதையாக அழைப்பதில் உனக்குக் கஷ்டம் இருக்காது, நீ நீங்கள் என்ற வித்தியாசம் அவர்களுக்கும் உண்டு.

சிஸ்டர் இரவில் ஆர்.எஃப்.ஐ என்ற பிரெஞ்சு ரேடியோவில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிஷச் செய்தி கேட்கிறார். உனக்கு இப்போது அது வேகமாக இருக்கும். டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சு டிவியின் தளத்தில் ஏ1 என்கிற தொடக்க நிலைக்குச் சின்னச் சின்ன வீடியோக்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, அங்கிருந்து தொடங்கு என்றார்.

தமிழை விட்டுவிட்டாளே என்று சித்தப்பாவுக்கு வருத்தம். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது, அதில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து பிரெஞ்சுக்காரர்களோடே பொழுதைக் கழித்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். நீ வாரம் ஒரு கடிதம் எங்களுக்குத் தமிழில் எழுது. சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நவம்பர் 1 வருகிறது. 1956-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், இங்கே உள்ளூர் விடுமுறை. பாண்டிச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்ததும் ஒரு நவம்பர் 1-ல்தான், 1954-ல். சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. இந்த நவம்பர் 1 சமயத்தில் உன் சிநேகிதிகளோடு ஒரு நாள் பாண்டிச்சேரி போய்வா, சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். கடற்கரைப் பக்கத்துத் தெருப்பலகைகளை வாய்விட்டு வாசி. ட்யூமா தெருவின் பெயரில் கடைசியில் ஒரு எஸ் எழுதியிருக்கும், அது வாயில் வராது. ஏதாவது கடையில் பிரெஞ்சு பேசுகிற ஆள் கிடைத்தால் முதலில் போன்ஜூர் சொல்லிவிட்டுப் பிறகு விலை கேள். பிரான்ஸில் கடைக்குள் நுழைந்ததும் அதைச் சொல்லாவிட்டால் மரியாதைக்குறைவாம்.

வருஷக் கடைசியில் நீ டெல்ஃப் ஏ1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுத வேண்டும் என்பது என் ஆசை. நூறு மார்க்கில் கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது நாலுக்கும் 25, 25. ஐம்பது எடுத்தால் பாஸ், ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்தாவது வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். காலேஜ் மார்க் எவ்வளவு குறைந்தாலும் அப்பா கேட்கமாட்டேன். பேசுகிற அந்த 25-ஐத்தான் கேட்பேன்.

கட்டணம் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று விசாரித்து எழுது, அனுப்பிவிடுகிறேன். நோட்டைச் சித்தி மகனிடம் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வருகிறான். அம்மா ஏத்தங்காய் வற்றல் போட்டுத் தந்திருக்கிறாள், ரூமில் உள்ள பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா