இரண்டு அந்தோணியார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் 13 திருவிழாவுக்குரிய பதுவை (இத்தாலியின் பதுவா நகர்) அந்தோணியாரையும், ஜனவரி 17-க்குரிய எகிப்து வனத்து அந்தோணியாரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இருவருக்கும் இடையே சுமார் 900 ஆண்டுகள்!

பதுவையார் பிறந்தது லிஸ்பனில், இயற்பெயர் பெர்னாண்டோ. முதலில் அகுஸ்தீன் சபைத் துறவி. மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அவர் இருந்த போர்ச்சுக்கல் நகரான கொயிம்ப்ராவுக்கு வந்தபோது மனம் மாறி, 1220-இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். மொராக்கோ சென்றவரை நோய் திருப்பியனுப்பியது. புயல் கப்பலைச் சிசிலியில் ஒதுக்கியது. இத்தாலிக்கு அவர் கிடைத்தது இப்படித்தான். 1231-இல் மறைந்தார், ஓராண்டு நிறையும் முன்பே, 1232 மே 30-இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி புனிதர் பட்டம் அளித்தார்.

சொரூபத்தில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் பதுவையார். தாடியும் பன்றியும் மணியும் இருந்தால் வனத்தார்.

— ஒரு வாசகர்