பிடித்த குழம்பு எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்களுக்கான வாழ்வியல் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். ‘உங்களுக்குப் பிடித்த குழம்பு எது?’ என்று கேட்டார் பயிற்சியாளர். ஆளாளுக்குக் கணவருக்கும் பிள்ளைக்கும் பிடித்ததையே சொன்னோம். பக்கத்திலிருந்த அம்மாள் மட்டும் நெடுநேரம் யோசித்து, ‘சுண்டைக்காய் வற்றல் குழம்பு. வைத்துப் பதினைந்து வருடமாகிறது’ என்றார். அந்தக் கேள்விக்காகவே போனது வீண்போகவில்லை.

ஆனால் அடுத்தகட்ட வகுப்புக்கு 18,000 ரூபாயாம்! மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். வாழ்வியல் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்தப் பதிவும் வேண்டாம். இதை அரசு கவனிக்க வேண்டும்.

1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. கடன் கணக்கு முடிந்ததும் இப்படியொரு கேள்விக்கு அரைமணி நேரம் ஒதுக்கலாமே.

– ஒரு வாசகி, மதுரை