முள் குத்திய விரல்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய விரல் படத்தை அம்மா மூன்று தரம் பெரிசாக்கிப் பார்த்தாள். "சீழ் வச்சிருச்சுங்க" என்று என்னிடம் நீட்டும்போது அவள் குரலே இறங்கிவிட்டது. சங்கரா மீனின் முதுகு முள்ளைக் கத்தரித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! சரி, நடந்தது நடந்தாச்சு. டாக்டரிடம் காட்டி டி.டி. என்ற டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுக்கொண்டாயே, அது போதும்.

முள்ளை எடுத்த பிறகும் ஏன் வீங்குகிறது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முள் போனாலும் அதோடு வந்த கிருமிகள் உள்ளேயே இருக்கின்றன. தோலுக்கு அடியில் காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள் சில நிமிஷத்திலேயே ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரியும். அதுதான் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர் கசியும், அதுதான் வீக்கம். அந்த நெகிழ்ந்த சுவர் வழியாக நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வெளியே வந்து கிருமியை விழுங்கும். அவற்றை நாங்கள் லேபில் 'பாலி' என்போம். மைக்ரோஸ்கோப்பில் ரத்தம் பார்க்கப் போடும் லீஷ்மன் சாயத்தில் அதன் உட்கரு ஊதா நிறத்தில், துண்டு துண்டாகக் கோத்தது போலத் தெரியும். முப்பது வருஷம் தினமும் நூறு நூறாக எண்ணியவன் நான், கண்ணை மூடினாலும் வந்து நிற்கும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பாலிகளை உண்டாக்குகிறது. போன வேகத்தில் செத்தும் போகும். உன் விரலில் அம்மா பார்த்த சீழில் பெரும்பங்கு அவைதான்.

காய்ச்சலும் அப்படித்தான். மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கிகள் அனுப்பும் ரசாயனச் சேதி மூளைக்குப் போய், உடம்பின் வெப்ப அளவையே உயர்த்தி வைக்கும். உடம்பு அந்த அளவை எட்டும் வரை உனக்குக் குளிரும். அன்று ராத்திரி 101 டிகிரியில் போர்வைக்குள் நடுங்கினாயே, அதுதான்.

இந்தப் பாலிகளைப் பற்றி ஒரு காலத்தில் டாக்டர்களே தப்பாக நினைத்திருக்கிறார்கள். அவற்றுக்குள் கிருமி தெரிந்ததால், அவைதான் கிருமியை உடம்பெல்லாம் சுமந்து பரப்புகின்றன என்று பலர் நம்பினார்கள். 1882-ல் இத்தாலியின் மெசினாவில் தங்கியிருந்த மெச்னிகாஃப் என்ற ரஷ்யர், வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. இவை கிருமியைப் பரப்புவதில்லை, விழுங்கி உடம்பைக் காக்கின்றன என்று அவர் வாதாடினார். 1908-ல் நோபல் கிடைத்தது. மீன் முள்ளோ ரோஜா முள்ளோ, கதை ஒன்றுதான்.

எனக்குப் பயம் தந்தது சீழ் வைத்த புண் அல்ல. ஒருமுறை புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் ரத்தம் வந்தது. கடும் காய்ச்சல், கையில் புண். ஆனால் புண்ணில் சிவப்பும் இல்லை, சீழும் இல்லை, சாதுவாக இருக்கிறது என்றார் நர்ஸ். நான் ஸ்லைடை மேலும் கீழும் நகர்த்தி நகர்த்தித் தேடினேன், பாலியே கண்ணில் படவில்லை. அந்த மருந்து மஜ்ஜையையும் முடக்கியிருந்தது; சீழாக மாறப் பாலியே இல்லை. ரிப்போர்ட் எழுதும் வரை காத்திராமல் வார்டுக்கு ஓடினேன். அன்றிலிருந்து யாராவது "நல்லவேளை, சீழ் வைக்கல" என்றால் எனக்குப் பாதி நிம்மதிதான்.

அதற்காக இந்தச் சண்டை எப்போதும் ஜெயிக்கும் என்று இருந்துவிடாதே. சிவப்பு மணிக்கட்டுப் பக்கம் கோடாக ஏறினாலோ, விரலை மடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சல் திரும்பினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ, ராத்திரியானாலும் போ. ஊசியால் குத்திப் பிதுக்காதே, சின்ன வயசுப் பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை என்று தெரியும். கொடுத்த மாத்திரையைக் கடைசி நாள் வரை சாப்பிடு.

நாளைக்கு வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு. எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா