தருமபுரி மாவட்டக் கலை மன்றத்தாருக்கு ஒரு சீரியல் லைட்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்டக் கலை மன்றத்தாருக்கும் வணக்கம்.

பென்னாகரத்தில் முப்பது ஆண்டுகளாக மைக் செட்டும் சீரியல் லைட்டும் போட்டுவருபவன் நான். வியன்னாவில் வேலை பார்க்கும் என் மகள், 2024 செப்டம்பரில் என்னை ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு அழைத்துச் சென்றாள். 1979இல் தொடங்கிய ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா என்னும் மின்னணுக் கலைத் திருவிழாவை அங்கே இரண்டு நாள் சுற்றிப் பார்த்த பிறகு, சீரியல் லைட் கட்டுவதையும் ஒரு கலையாக ஏற்கும்படி உங்களிடம் கேட்டாக வேண்டும் என்று தோன்றியது.

ரயில் நிலையத்தை ஒட்டி, முன்பு அஞ்சல் துறை பார்சல் பிரித்த பெரிய கட்டடத்தில்தான் விழாவின் பெரும்பகுதி நடந்தது. பார்சல்கள் வழுக்கி இறங்கிய சுருள் சறுக்குகளைக்கூட அகற்றவில்லை. ஒரு மூலையில் இளம்பெண் ஒருத்தி தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, தன் படைப்பில் அறுந்துபோன ஒயரைச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தாள். மற்றவற்றில் பாதி எனக்குப் புரியவில்லை. அந்தப் புகை நெடி மட்டும் எங்கள் கடையின் நெடியாகவே இருந்தது.

என் தந்தையார் மூங்கில் படலில் மயில்மேல் முருகனை வரைந்து, சாயம் தோய்த்த சிறு பல்புகளை வரிவரியாகக் கட்டுவார். தோகை மெல்ல விரிந்து சட்டென்று மடங்க வேண்டும். அதன்பின் வேல் மூன்று முறை மின்ன வேண்டும். அதற்காக மர உருளை ஒன்றின்மேல் செம்புத் தகடுகளை நீளமும் குட்டையுமாக வெட்டிப் பதித்து, சிறிய மோட்டாரால் சுழல விடுவார். உருளையை உரசி நிற்கும் பித்தளைப் பட்டைகள் தகட்டைத் தொட்டிருக்கும் வரை அந்த வரிசை எரியும், தகடு முடிந்ததும் அணையும். தோகைக்கான தகட்டை மட்டும் அவர் நான்கு நாள் வெட்டி வெட்டிப் பார்த்ததை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். இன்று சிப் பலகையில் எழுதப்படும் நிரலை அவர் கத்தரிக்கோலால் எழுதினார் என்பது லின்ஸில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த விழாவில் 1987 முதல் தங்க நிகா என்னும் பரிசு வழங்கப்படுகிறது. 1999இல் அதை, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸுக்கும், 2004இல் விக்கிப்பீடியாவுக்கும் கொடுத்திருக்கிறார்கள். (லினக்ஸ் என்றால் என்ன என்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், என் கைபேசிக்குள்ளும் அதுதான் ஓடுகிறதாம்.) படமும் இல்லை, பாட்டும் இல்லை, இதற்கு எதற்குக் கலைப் பரிசு என்று அங்கேயும் யாராவது முணுமுணுத்திருக்கக்கூடும்.

நம் மன்றம் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுவாரியாக ஐந்து விருதுகள் வழங்கிவருகிறது. தெருக்கூத்துக்கும் நாதசுரத்துக்கும் அவை கிடைப்பது நியாயமே. ஆனால் கூத்து மேடைக்கும், குமாரசாமிப்பேட்டைத் தைப்பூசத்துக்கும் இரவெல்லாம் விழித்திருந்து ஒளி கட்டியவர்களை, கொட்டேஷன் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களாக மட்டுமே எல்லோரும் பார்க்கிறோம். நாங்களும் அப்படித்தான் எங்களைப் பார்த்துக்கொண்டோம். விண்ணப்பத்தில் கலைப்பிரிவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாததால், என் தந்தையாருக்காக நாங்கள் ஒருமுறைகூட விண்ணப்பிக்கவில்லை. அவர் இப்போது இல்லை. ஆனால் அவரோடு வேலை செய்தவர்கள் சிலர், எழுபதைக் கடந்தும், பாப்பாரப்பட்டிப் பக்கம் இருக்கிறார்கள்.

ஆகவே, விருதுக்குரிய கலைகளில் ஒளியமைப்பையும் ஒரு பிரிவாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். முடிந்தால், தருமபுரியில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் ஒரே ஓர் இரவு, பழைய சீரியல் உருவங்களையும் அரசுப் பள்ளி, ஐடிஐ மாணவர்கள் செய்யும் புதிய கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் கொடுங்கள். விழா மேடைக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது. கணக்குப் போட்டுத் தரவும் நான் தயார்.

தந்தையாரின் உருளை எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டு தகடுகள் பெயர்ந்துவிட்டன, மோட்டார் இன்னும் சுற்றுகிறது. நாள் குறித்துச் சொன்னால், தகடுகளைச் சரிசெய்து ஆட்சியர் அலுவலகத்துக்கே எடுத்துவந்து ஓட்டிக் காட்டுகிறேன். ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பென்னாகரத்திலிருந்து ஒரு சீரியல் லைட்காரர்