அந்த வீடுகளில் ஒன்று என்னுடையது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கோடைச் சுற்றுலாப் பக்கத்தில் 'ஊட்டி அருகே ஒரு பள்ளத்தாக்கு' என்று ஒரு படம் வந்திருந்தது. நடுவில் இருக்கும் வீடுகள் மட்டும் இல்லையென்றால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். அது கேத்தி. படத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதே, அதற்குப் பக்கத்து வீடு என்னுடையது. படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

எங்கள் தெருவில் 34 வீடுகள். பாதிப் பேர் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். என் அப்பா தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். சாகும்வரை அவரைச் 'சிலோன்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதைப் பொறுத்துக்கொண்டோம். வீடே இருக்கக் கூடாது என்பதை எப்படிப் பொறுப்பது?

மேலே ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், கல்யாணம் என்றால் அன்று எங்கள் தெருவில் அடுப்பு எரியாது; எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு. அவர்கள் தோட்டத்தில் கேரட் பிடுங்குவது நாங்கள். இராத்திரி 2 மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு போவோம். வழியில் காட்டெருமை நிற்கும். பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி லாரி ஏற்றினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குப் போகும். உங்கள் படத்தில் பச்சைப் பசேலென்று படிப்படியாகத் தெரிவது அந்தத் தோட்டம்தான்.

2009 நவம்பர் மண்சரிவு உங்களுக்கு நினைவிருக்கும். மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பக்கத்தில் அச்சனக்கல்லில் வீடுகள் புதைந்தன. என் அண்ணனும் ஹட்டிக்காரர்கள் நாலு பேரும் மண்வெட்டியோடு இருட்டில் ஓடினார்கள். அப்போது எங்கள் தெருவுக்குப் பின்னால் விழுந்த தடுப்புச் சுவர் இன்றுவரை எழும்பவில்லை. நான் மட்டும் ஏழு மனு கொடுத்துவிட்டேன். மழை வலுத்தால் பிள்ளைகளை முன்னறையில்தான் படுக்க வைக்கிறோம்.

அப்புறம் சீசன். போன மே மாதம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பக்கத்து எல்லநள்ளியிலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரி பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. வண்டி நெரிசலில் இரண்டு மணி நேரம் ஆனது. 2024-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருந்தும் இதுதான் நிலைமை. சுற்றுலாப் பக்கத்தில் இதற்கும் நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

ஊட்டி ரயில் 1908-லிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஸ்டேஷன் பலகையில் 'கேத்தி' என்று எழுதியிருக்கிறது. அடுத்த முறை அந்தப் படத்தைப் போட்டால், கீழே அந்தப் பெயரை மட்டும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகர்,
கேத்தி, நீலகிரி.