உதவிக்கு நட்சத்திரம் வேண்டாம்

அன்புள்ள பெற்றோர் சங்கத்தினருக்கு,

வணக்கம். பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு நட்சத்திரம், மாதக் கடைசியில் அதிக நட்சத்திரம் வாங்கியவருக்குப் பரிசு என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நல்ல மனதோடு தொடங்கினீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போன வாரம் எங்கள் மாடிப்படியில் நடந்ததை நீங்கள் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு கையிலும் பையோடு ஏறிக்கொண்டிருந்தார். என் ஏழு வயது மகள் ஓடிப்போய் ஒரு பையை வாங்கிக்கொண்டாள். எப்போதும் செய்வதுதான். அன்றைக்கு மட்டும் பையை வாசலில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். சட்டைப் பையிலிருந்து நட்சத்திர அட்டையை எடுத்து, "தாத்தா, கையெழுத்துப் போடுங்க" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதர், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொடுத்தார். எனக்கு மனசே கேட்கவில்லை.

குழந்தைக்கு உதவும் குணத்தை நாம் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகளின் முன்னால் ஒருவர் துணி மாட்டும்போது கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் தவித்தார். கை நிறையப் பத்திரிகைகளோடு வந்து, அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டிக்கொண்டு நின்றார். 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு தடவையாவது போய் உதவினார்கள். பரிசு கிடையாது, பாராட்டும் கிடையாது. அதே இருவர் 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றைப் பார்த்தார்கள்: உதவியதற்குப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள், அப்புறம் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். ஆகவே, தானாக ஊறுவதை நாமே அடைத்துவிடுவோமோ என்றுதான் பயப்படுகிறேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உங்கள் நட்சத்திரப் பலகையில் கொடுப்பவருக்கு மட்டும்தான் இடம். வாங்குபவர் வெறும் கையெழுத்து. ஒத்தாசை என்பது அப்படியா? 1787இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் போன்ற கறுப்பின மக்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், கஷ்டம் வந்த உறுப்பினருக்கும் விதவைகளுக்கும் அதிலிருந்து கொடுத்தார்கள். இன்று போட்டவர் நாளைக்கு வாங்குபவர். வாங்கியதால் யாருக்கும் தலை குனிய வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்கு நாம் காட்டாத பாதி இதுதான். கொடுப்பதைக் காட்டுகிறோம், கேட்பதை மறைக்கிறோம். சென்ற வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, "பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்று அதே பெரியவர் வந்து நின்றார். "பரவாயில்லை, சமாளிச்சுக்கறேன்" என்று கதவைச் சாத்தினேன். மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். அடுத்த வாரம் அவளுக்குக் கணக்கு வரவில்லை. உதவட்டுமா என்று நான் கேட்டால், "பரவாயில்லை, சமாளிச்சுக்கறேன்" என்றாள். என் குரல், என் சொல். அன்று சாயங்காலமே அவளையும் கூட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய், "உங்க உதவி வேணும்" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள்.

நட்சத்திரப் பலகையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய தாளை ஒட்டுங்களேன். ஒரு பக்கம் 'என்னால் முடியும்', மறுபக்கம் 'எனக்கு வேண்டும்'. பிள்ளைகளும் நாமும் சேர்ந்தே எழுதுவோம், இரண்டு பக்கத்திலும். கணக்கு யாரும் வைக்க வேண்டாம். முதல் வரியை நானே தருகிறேன், மறுபக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: புதன்கிழமை சாயங்காலம் எனக்கு வேலை முடிய நேரமாகும், அதுவரை என் மகளைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும்.

அன்புடன்,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தாய்